நாற்றங்காலில் இறங்கிய மொக்கம்மாள்

வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. பறித்த நாற்றைக் காலில் அடித்து மண்ணை உதறிக்கொண்டிருந்த மொக்கம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். கெண்டைமீன் வாலால் தட்டியது மாதிரி இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மறுபடியும் தட்டியது.

நாலு பெற்றவள் அவள். இரண்டு தங்கியது. உள்ளே தட்டுவது யார் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அடியே," என்றாள் தனக்குத்தானே. உடம்பெல்லாம் சூடானது. முப்பத்தொன்பது வயது. மகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். அந்த மகள் மாயக்காள் பத்தடி தள்ளி வரப்பில் உட்கார்ந்து நாற்று முடிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு மடியில் சரிந்து கிடந்தது. மகளோடு சேர்ந்து ஆத்தாளும் முழுகாமல் இருக்கிறாள் என்றால் அனுமந்தன்பட்டி ஒரு வருஷத்துக்கு வேறு பேச்சுப் பேசாது.

ஆனால் அவள் முதலில் நினைத்தது அதை இல்லை. அப்படியென்றால் அந்த ஊசி ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைத்தாள்.

ஆடி மாதம் முதல் போக நடவில் சேற்றுக்குள் கிடந்த மாட்டு லாடத்து ஆணி அவள் குதிகாலில் ஏறிவிட்டது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. உத்தமபாளையத்திலிருந்து நர்ஸ் ஜெபராணி வந்து பஞ்சாயத்து ரேடியோ ரூம் படியில் உட்கார்ந்திருந்தாள். தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ஆணியைப் பிடுங்கி, காலைக் கழுவி, கையில் டெட்டனஸ் என்கிற ரணஜன்னிக்கு ஊசி போட்டு அனுப்பினாள். கால் ஆறிவிட்டது. ஆனால் ஆவணியில் மாதத் தூரம் வரவில்லை. புரட்டாசியிலும் வரவில்லை.

நாடு முழுக்க எமர்ஜென்சிக் காலத்துக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் பயம் அடங்கி ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது. காய்ச்சலுக்கு என்று சொல்லி ஊசி போட்டுக் கருவை அறுக்கிறார்கள் என்ற பேச்சு எல்லா ஊரிலும் ஓடியது. மொக்கம்மாளும் அதை நம்பினாள். வயதும் சேர்ந்துகொண்டது. வயிறு லேசாக உப்பியதைக்கூட ஊசியின் கெடுதல் என்றே நினைத்தாள்.

அவள் மட்டும் நம்பியிருந்தால் பரவாயில்லை. பதினெட்டுப் பெண்களை நடவுக்கும் அறுப்புக்கும் கூட்டிப்போகிறவள் அவள். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூரமானவள் களத்தில் நெல்லைத் தொடமாட்டாள், நாற்றங்காலில் இறங்கமாட்டாள். மூன்று நாளைக்கு வரப்பு வெட்டவோ வைக்கோல் உதறவோ போய்விடுவாள். அதனால் எவளுக்கு எப்போது என்று எல்லாருக்கும் தெரியும். மொக்கம்மாள் ஒரு நாள்கூட ஒதுங்கவில்லை என்பது ஐப்பசி அறுப்பிலேயே தெரிந்துபோனது. களத்தில் வைத்து ஒருத்தி கேட்டும்விட்டாள். மொக்கம்மாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமாண்டி, அந்த ஊசிக்காரி கதவைச் சாத்திட்டா!" என்று நெல்லைக் கீழே போட்டுவிட்டு அழுதாள்.

அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஜெபராணி நாலு செவ்வாய்க்கிழமை வந்தாள். ரேடியோ ரூம் படியில் ஒரு ஈ, காக்கை இல்லை.

இப்போது நாற்றங்காலில் நின்றபடி மொக்கம்மாள் மகளைப் பார்த்தாள். போன வருஷம் மாயக்காளுக்கு முதல் பிள்ளை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். ஆறாம் நாள் பால் குடிக்கவில்லை. மாயக்காளின் மாமியார் சங்கிலியம்மாள்தான் ஊரில் பேறுகாலம் பார்ப்பவள். அவள் சுண்டுவிரலைப் பிள்ளையின் வாய்க்குள் விடப் பார்த்தாள். தாடை பூட்டு மாதிரி இறுகியிருந்தது. உடம்பு வில்லாக வளைந்தது. எட்டாம் நாள் புதைத்தார்கள். "தொப்புள் அறுத்த இடத்துல விஷம் ஏறிருக்கு. தாய்க்கு முன்கூட்டியே ரெண்டு ரணஜன்னி ஊசி போட்டிருந்தா வந்திருக்காது," என்று ஜெபராணி சொன்னதை அப்போது யாரும் காதில் வாங்கவில்லை.

மாயக்காளுக்கு இப்போது ஏழாம் மாதம். இரண்டு ஊசிக்கு இடையில் ஒரு மாதம் வேண்டும். நாள் இல்லை.

பேசாமலும் இருந்துவிடலாம். மார்க்கையன்கோட்டையில் கஷாயம் கொடுக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். இரண்டு நாள் படுத்து எழுந்தால் ஊருக்கு ஒன்றும் தெரியாது. மொக்கம்மாள் அதையும் நினைத்தாள். வயிற்றில் இருப்பதோடு சேர்ந்து சாட்சியும் போய்விடும் என்பதையும் நினைத்தாள்.

அப்போதுதான் மலையம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வரப்பில் வந்தாள். ஆறு பிள்ளை பெற்றவள், வாய் சும்மா இருக்காது.

"அந்த நர்ஸு இன்னைக்கும் வந்து உக்காந்திருக்குடி. ஈ ஓட்டிக்கிட்டு," என்றாள் மலையம்மாள். "ஒரு மணி வண்டிக்குப் போயிருமாம். இனிமே இங்கன வராதாம். யாரும் போட மாட்டேங்குறாகன்னு மருந்தை வேற ஊருக்கு அனுப்புறாகளாம். என்கிட்ட சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு. பாவமாத்தான் இருந்துச்சு."

"பாவம் என்ன பாவம்," என்றாள் சங்கிலியம்மாள், நாற்றிலிருந்து நிமிராமல். "போய்த் தொலையட்டும்."

மொக்கம்மாள் சூரியனைப் பார்த்தாள். உச்சிக்கு வந்துவிட்டது. 

"மதினி," என்று சங்கிலியம்மாளைக் கூப்பிட்டாள். "மாயக்காளை அனுப்புங்க. ஊசி போட்டுட்டு வரட்டும்."

பதினெட்டு முதுகும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

"எதுக்கு? உங்களை மாதிரி ஆகுறதுக்கா?"

"எனக்கு ஒண்ணும் ஆகலை மதினி."

"ஐப்பசியில களத்துல நின்னு நீங்கதான சொன்னீக? கதவைச் சாத்திட்டான்னு? இத்தனை பேரும் கேட்டோம்."

"நான் சொன்னது தப்பு."

"அப்படியா? அப்ப மாசாமாசம் தூரம் வருதா?"

"வரலை."

"பிறகு என்னத்தைத் தப்பு?" சங்கிலியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "ஏன் மதினி, உங்க மகள்னா உங்களுக்கு எளக்காரமா? ஒண்ணைப் புதைச்சாச்சு. இதோட அவ வயித்தையும் அடைச்சுப்புட்டா என் மகன் யாரைக் கட்டுவான்?"

மாயக்காள் நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. புதைத்தது என்ற வார்த்தையை யாராவது சொன்னால் அவள் அப்படித்தான் ஆகிவிடுவாள்.

அதைப் பார்த்ததும் மொக்கம்மாளுக்கு எல்லாம் எளிதாகிவிட்டது.

"முழுகாம இருக்கேன்," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"நான்தாண்டி. முழுகாம இருக்கேன். இப்பத்தான் புரண்டுச்சு. இந்த நாத்தங்கால்ல நிக்கும்போதுதான்."

மலையம்மாள் சிரிக்க ஆரம்பித்து, கால் வழுக்கி, குடத்தோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்காமலேயே சிரித்தாள். "ஏ ஆத்தே! அக்கா புருஷன் ஒச்சாண்டி மாமா மாட்டுக்குத் தண்ணி காட்டவே எந்திரிக்க மாட்டாகன்னுல நெனச்சேன்!" மொத்தக் கூட்டமும் ஊளையிட்டது. மாயக்காள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஆத்தா!" என்றாள். அவமானத்தில் சொன்னாளா, வேறு எதிலோ சொன்னாளா தெரியவில்லை.

சங்கிலியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "ஊசிக்காகப் பொய் சொல்றீக."

"உங்க கைக்குத் தெரியாத பொய்யா? வந்து தொட்டுப் பாருங்க."

சங்கிலியம்மாள் வாய்க்காலில் இறங்கிக் கையைக் கழுவினாள். நிதானமாக, விரல் இடுக்கு வரை கழுவினாள். நாற்றங்காலில் எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். மொக்கம்மாள் சேலைக் கொசுவத்தைத் தளர்த்திக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றாள். வெட்கமாகத்தான் இருந்தது. அந்தக் கை ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. தொப்புளுக்குக் கீழே அழுத்தி, பக்கவாட்டில் தடவி, மறுபடி அழுத்தியது.

சங்கிலியம்மாளின் முகம் மாறியது. ஊரில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்துப்போட்ட கை அது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

"நாலு முடிஞ்சு அஞ்சு," என்றாள்.

"அப்ப ஊசிக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். "முன்னாடியே உண்டாகியிருந்தா ஊசி என்ன செய்யும்?"

நியாயமான கேள்விதான். எல்லாரும் சேற்று விரலை மடக்க ஆரம்பித்தார்கள். மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாசி, ஆவணி. ஊசி போட்டது ஆடி முதல் செவ்வாய். நடுவில் தூரம் வந்ததா, இல்லையா? ஒருத்தி வந்தது என்றாள், ஒருத்தி இல்லை என்றாள். குருவிக் கூட்டம் மாதிரி இரைச்சல்.

"இருங்கடி!" மலையம்மாள் சேற்றிலிருந்து எழுந்தாள். "ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஆத்துல பொங்கல் வச்சோம்ல? மொக்கம்மா அக்கா பானையைத் தொடாம தள்ளி, கொய்யா மரத்தடியில உக்காந்துச்சு. நான்தான் அங்கன கொண்டுபோய்ச் சோறு போட்டேன். கால்ல கட்டு இருந்துச்சு. ஆணி குத்தின கட்டு!"

இரைச்சல் நின்றது.

"கட்டு இருந்துச்சா?" என்றாள் சங்கிலியம்மாள்.

"இருந்துச்சு. ஈ மொச்சுச்சு. நான்தான் விசிறினேன்."

ஊசி. அதற்குப் பிறகு தூரம். அதற்குப் பிறகு பிள்ளை. பதினெட்டுப் பேர் மனதிலும் அந்த மூன்றும் வரிசையாக வந்து நின்றன. இரண்டு மாதமாக ஊரைக் கட்டிப்போட்டிருந்த பேச்சு அங்கேயே, முழங்கால் சேற்றில், செத்துப்போனது.

சங்கிலியம்மாள் மொக்கம்மாளை மேலும் கீழும் பார்த்தாள். "வெக்கங்கெட்ட குடும்பத்துல பொண்ணெடுத்திருக்கேன்," என்றாள். பிறகு வரப்பைப் பார்த்துத் திரும்பி, "ஏய் மாயக்கா! என்னடி உக்காந்திருக்க? எந்திரி!" என்று போட்டாள் ஒரு சத்தம்.

அதே நேரம் தெற்கே, கம்பம் ரோட்டில் ஹாரன் அடித்தது.

முதலில் ஓடியது யார் என்று பிறகு பெரிய சண்டையே நடந்தது. எல்லாரும் ஓடினார்கள் என்பதுதான் உண்மை. ஒற்றை வரப்பில் பதினெட்டுப் பெண்கள் சேலையைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு ஓடினார்கள். நடுவில் மாயக்காளை ஒரு பக்கம் மாமியாரும் ஒரு பக்கம் ஆத்தாளும் கையைப் பிடித்துக்கொண்டு வேக நடையில் கூட்டிப்போனார்கள். "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருவரும் இழுத்தார்கள்.

வயல்காரர் நல்லகண்ணு பம்பு ரூமிலிருந்து ஓடி வந்தார். "ஏய்! நாத்தை வெயில்ல போட்டுட்டு எங்கடி போறீக?"

"பிள்ளை பெறப் போறோம் மாமா!" என்று மலையம்மாள் ஓடிக்கொண்டே கத்தினாள்.

ரோட்டில் பஸ் நின்றிருந்தது. ஜெபராணி ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள். தோளில் மருந்து வைத்த ஐஸ் ஃபிளாஸ்க், கையில் ஸ்டீல் டப்பா. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தான். முதலில் போய்ச் சேர்ந்த இரண்டு பேர் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். இன்னொருத்தி ஃபிளாஸ்க் வாரைப் பிடித்து இழுத்தாள்.

சேறும் மூச்சு இரைப்புமாக வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்து ஜெபராணி பயந்துவிட்டாள். "யாருக்கு என்னக்கா ஆச்சு? பாம்பா?"

"பாம்பும் இல்ல, பல்லியும் இல்ல. எறங்கு தாயி," என்றாள் பின்னால் வந்து சேர்ந்த சங்கிலியம்மாள். "என் மருமகளுக்கு ஊசி போடு."

"யாரு, நீங்களா சொல்றீக?"

"நாந்தான் சொல்றேன். எறங்குறியா, இல்ல வண்டியோட சேத்து எறக்கவா?"

"ஏம்மா, வண்டிக்கு நேரமாகுது," என்றான் கண்டக்டர்.

"நீ போய்யா. உனக்கும் ஒண்ணு போடச் சொல்லவா? இடுப்புல போடுவாக!" என்றாள் மலையம்மாள். பஸ் போய்விட்டது.

ஜெபராணி ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து கையை விட்டாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கொட்டைப்பாக்கு அளவுக்கு இரண்டு ஐஸ் துண்டுகள் தண்ணீரில் மிதந்தன. "இருக்கு," என்றாள்.  "இருக்குக்கா. இன்னும் குளிர்ச்சி இருக்கு. சீக்கிரம், சீக்கிரம்! ஊசியைத் திரும்பக் கொதிக்க வைக்கணும். டீக்கடையில அடுப்புக் கேளுங்க. எல்லாரும் கையை நல்லாக் கழுவுங்க, தோள் வரைக்கும்!"

டீக்கடைக்காரர் பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுப்பைக் கொடுத்தார். அடிபம்பில் தள்ளுமுள்ளு. ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தவர்களுக்குத் தையல் பிரித்துவிட ஒருத்தி பல்லாலேயே நூலைக் கடித்தாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆண்களை மலையம்மாள் கிழக்கே பார்த்துத் திரும்பி உட்காரச் சொன்னாள். அவர்கள் உட்கார்ந்தார்கள்.

முதல் ஊசி மாயக்காளுக்கு. கண்ணை இறுக்கிக்கொண்டு ஆத்தாளின் விரலைப் பிடித்திருந்தாள். ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. "அவ்வளவுதான்," என்றாள் ஜெபராணி. மாயக்காள் கண்ணைத் திறந்து, "அம்புட்டுத்தானா?" என்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. "இம்புட்டுக்குத்தானா போன வருஷம் வேணாம்னீக அத்தை?"

சங்கிலியம்மாள் குனிந்து மருமகளின் ரவிக்கைக் கையை இறக்கிவிட்டாள். 

இரண்டாவது மொக்கம்மாள். ஜெபராணி அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "என்னையத்தான ஊர் பூரா திட்டுனீக?"

"திட்டினேன். இப்ப ஊர் பூராக் கூட்டியாந்திருக்கேன்ல? குத்து."

மூன்றாவதாக யார் என்பதில்தான் சிக்கல் வந்தது. அதுவரை எல்லாரையும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்த மலையம்மாள் திடீரென்று பின்வாங்கினாள். "ஏன் நர்ஸம்மா... இதைப் போட்டா இந்த அக்கா மாதிரி ஆயிருமா? எனக்கு ஆறு இருக்குத் தாயி. ஏழாவதுக்கு வீட்டுல எடமில்ல."

இன்னும் நாலு பேர் அவளோடு பின்னால் நகர்ந்தார்கள். அவர்கள் நகர்ந்த இடைவெளியில் அன்னத்தாய் முன்னால் வந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. கூட்டத்தில் அதிகம் பேசாதவள். இரண்டு கையையும் நீட்டினாள். "எனக்கு ரெண்டு போடு," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

ஜெபராணி சிரிஞ்சைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றாள். அன்னத்தாயைப் பார்த்துத்தான் பேசினாள், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். "இது பிள்ளையைக் கொடுக்காது. தடுக்கவும் தடுக்காது. ஆணி குத்தினா, அருவா வெட்டினா ஜன்னி வராம காக்கும். பிள்ளை பெறுறவக போட்டா, பெறக்குற பிள்ளையையும் காக்கும். அதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல. நான் பொய் சொல்லி யாருக்கும் போடமாட்டேன். வேணும்னா போடுங்க."

 அன்னத்தாய் ஒரு கையை மடக்கிக்கொண்டாள். "சரி. ஒண்ணு போடு," என்றாள். "நானும் சேத்துலதான் நிக்கிறேன்."

மலையம்மாள் பதினெட்டாவது ஆளாக வந்து, ஊசி போடும்போது ஊருக்கே கேட்கிற மாதிரி அலறினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி மார்க்கையன்கோட்டை வரை போய்விட்டது. ஒச்சாண்டி ஒரு வாரம் டீக்கடைப் பக்கம் தலை காட்டவில்லை. நல்லகண்ணு வாடிய நாற்றுக்காக இரண்டு நாள் திட்டினார். மூன்றாம் நாள் தன் மனைவியையும் இரண்டு மருமகள்களையும் எப்போது அனுப்புவது என்று கேட்டார். தையில் ஜெபராணி வந்தபோது ரேடியோ ரூம் வாசலில் எழுபது பேர். அவளுக்கு உட்கார இடமில்லை. மாயக்காளுக்கு இரண்டாவது ஊசி நின்றுகொண்டேதான் போட்டாள். போகும்போது சங்கிலியம்மாளிடம் தொப்புள்கொடி அறுக்கப் புது பிளேடும் கட்ட நூலும் கொடுத்து, கொதிக்க வைக்கச் சொன்னாள். "எனக்கே சொல்லித்தாறியா?" என்றாள் சங்கிலியம்மாள். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாசிக் கடைசியில் மாயக்காளுக்குப் பெண் பிறந்தது.

ஐந்து நாள் வீட்டில் எல்லாரும் சாதாரணமாக இருப்பதுபோல் நடந்துகொண்டார்கள். ஆறாம் நாள் யாரும் வேலைக்குப் போகவில்லை. ஏழாம் நாள் பிள்ளை கொட்டாவி விட்டால்கூட நாலு தலைகள் குனிந்தன. எட்டாம் நாள் காலையில், வெயில் வாசலுக்கு வந்தபோது, சங்கிலியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாயக்காள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஏழரை மாத வயிற்றோடு மொக்கம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சங்கிலியம்மாள் அதே சுண்டுவிரலைப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள்.

பிள்ளை வாயைத் திறந்தது. விரலைக் கவ்வி இழுத்துச் சப்ப ஆரம்பித்தது.

சங்கிலியம்மாள் விரலை எடுக்கப் பார்த்தாள். பிள்ளை விடவில்லை. "ஏ மதினி," என்றாள். "இங்க வந்து பாருங்க. இவ என் விரலைப் பிடுங்கி வச்சுக்கிருவா போலருக்கு. விடமாட்டேங்குறா மதினி!"

மொக்கம்மாள் குனிய முடியாமல் குனிந்து பார்த்தாள். "அப்படித்தாண்டி," என்றாள் பிள்ளையிடம். "இழு."